மலைப் பாதையில் நின்ற கார்



சித்திரை வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் சமவெளியில் வாழ்வோரின் உள்ளம் மலையை நாடும். இவ்வாண்டும் நம் குடும்பங்கள் பல கொடைக்கானலுக்குப் புறப்படும். தந்தை வாங்கிய பழைய அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ துடைத்துப் போற்றி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கென்றே இம்மாதம் ஒன்று எழுதுகிறோம். இது நூலில் கற்ற பாடம் அன்று. நமது தவற்றினால் கற்ற பாடம்.

1999ஆம் ஆண்டு மே மாதம். நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பூம்பாறையில் ஒரு முதியவர் இறுதிப் படுக்கையில் இருந்தார். படிக்கட்டு வயல்களில் வாழ்நாளெல்லாம் பூண்டு பயிரிட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். சென்னையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளுக்குச் செய்தி போயிற்று. அவர் கணவரோடும் இரு குழந்தைகளோடும் பேருந்தேறி, முற்பகல் பதினொரு மணியளவில் வத்தலக்குண்டில் வந்து இறங்கினார். பங்கின் பழைய அம்பாசிடரில் அவர்களை அழைத்துவர நாமே சென்றிருந்தோம்.

அனல் வீசும் நண்பகல். வண்டி நிறைய ஆட்களும் மூட்டைகளும். வளைவுக்கு வளைவு இரண்டாம் கியரிலேயே ஏறினோம். பெருமாள் மலையைத் தாண்டி, வெள்ளி நீர்வீழ்ச்சியை நெருங்கும்போது வண்டி இரண்டு மூன்று முறை குலுங்கி, இருமி, நின்றுவிட்டது.

டேங்கில் பெட்ரோல் இருந்தது. ரேடியேட்டரும் பொங்கவில்லை. நாமோ பதற்றத்தில் செல்ஃப் மோட்டாரை மீண்டும் மீண்டும் இயக்கினோம், சோக்கை இழுத்தோம், ஆக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதித்தோம். முக்கால் மணி நேரத்தில் பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டது. பின் இருக்கையில் அந்த மகள் ஒரு சொல்லும் பேசாமல் சாலையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

ஒரு மணி நேரத்துக்குப் பின், காய்கறி ஏற்றிக் கீழிறங்கி வந்த லாரி ஒன்று நின்றது. முதிய ஓட்டுநர் இறங்கி வந்தார். எஞ்சினருகே கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “வண்டிக்கு ஒரு நோவும் இல்லீங்க சாமி. பெட்ரோல் கொதிச்சு ஆவி அடைச்சிருக்கு. நின்னதுமே இருபது நிமிசம் சும்மா விட்டிருந்தா தானா ஓடியிருக்குமே!” என்றார். தம் தோளிலிருந்த துண்டை நீரில் நனைத்து வந்து பெட்ரோல் பம்பின்மேல் சுற்றினார். காத்திருந்து, வண்டியைத் திருப்பி இறக்கத்தில் தள்ளியபோது எஞ்சின் உயிர் பெற்றது. ஆயினும் பேட்டரியின் பொருட்டு உதவிக்குக் காத்துக் கிடந்ததையும் சேர்த்து இரண்டு மணி நேரம் போய்விட்டது.

கொடைக்கானலைக் கடந்து மேலும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்று பூம்பாறையை அடைந்தோம். தந்தை உயிரோடு இருந்தார், பேச்சு அடங்கியிருந்தது. சற்று முன்புவரை மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். மகள் அவர் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்தார். மறுநாள் விடியலில் முதியவர் கண்மூடினார். அந்த மகள் நம்மை இன்றுவரை குறை கூறியதில்லை. நாம்தான் அந்த இரண்டு மணி நேரத்தை மறக்க இயலாமல் இருக்கிறோம்.

அன்று நடந்தது என்ன? மெக்கானிக்குகள் இதை ‘வேப்பர் லாக்’ என்பார்கள்; நாம் ஆவி அடைப்பு என்போம். மலையில் பருப்பு வேக நேரமாவதை இல்லத்தரசிகள் அறிவர். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் 93 பாகையிலேயே கொதிக்கிறது. பெட்ரோலுக்கும் இதே விதிதான். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அவற்றுள் மிக இலேசானவை சமவெளியிலேயே 35, 40 பாகையளவில் கொதிக்கத் தொடங்கிவிடும். மலையில் அதனினும் முன்னதாகவே கொதிக்கும்.

இனி பழைய கார்களின் அமைப்பைக் காண்போம். டேங்க் பின்னால் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் பம்பு, எஞ்சினின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கும், ‘ஏ.சி. பம்பு’ என்று பட்டறையில் சொல்வது இதையே. இது இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுவதுபோல் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயினுள் அழுத்தம் மேலும் குறைகிறது. குழாயும் பம்பும் சூடான எஞ்சினையும் புகைக்குழாயையும் ஒட்டியிருக்கின்றன. அம்பாசிடரில் கார்புரேட்டரும் புகைக்குழாய் இருக்கும் பக்கத்திலேயே உள்ளது. ஏற்றத்தில் வண்டி மெல்லச் செல்வதால் காற்றோட்டமும் போதாது. இவை யாவும் ஒன்றுகூடும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. பம்பு திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்யப்பட்டது. ஆவியை அதனால் தள்ள இயலாது. ஆவி வெறுமனே சுருங்கி விரிகிறது. கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் நிற்கிறது.

எனவே, வண்டி நின்றால் செய்ய வேண்டியவை எளியவை. சாலையோரமாக ஒதுக்கிக் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் அணை கொடுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். பம்பின் மேலும் அதற்கு வரும் குழாயின் மேலும் ஈரத்துணியைச் சுற்றுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, துணியின் ஈரம் உலரும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். இருபது முப்பது நிமிடம் காத்திருங்கள். சில பம்புகளில் கையால் இயக்கும் சிறு நெம்புகோல் உண்டு. குளிர்ந்தபின் அதைச் சில முறை அசைத்தால் பெட்ரோல் மேலேறும். பின்னர் செல்ஃபைச் சிறுசிறு பொழுதாக இயக்குங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கொதிக்கும் எஞ்சின்மேல் வாளி நீரைக் கொட்டாதீர்கள்; இரும்பு வெடிக்கலாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றிப் பார்ப்போர் உண்டு. அது தீயை அழைப்பதாகும். அருகில் எவரும் பீடி, சிகரெட் பற்ற வைக்க வேண்டாம். எஞ்சின் இல்லாமல் வண்டியை மலை இறக்கத்தில் நெடுந்தூரம் உருட்டிச் செல்லவும் வேண்டாம்.

நின்றதெல்லாம் ஆவி அடைப்பு அன்று என்பதையும் நினைவிற்கொள்க. குளிர்ந்த காலையிலும் வண்டி நின்றால் காரணம் வேறு. டேங்கின் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. ஏறி முடித்துத் தேநீருக்காக நிறுத்திய வண்டி மீண்டும் கிளம்ப மறுத்து, பெட்ரோல் வாடையும் வீசினால், கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் பொங்கி அளவுக்கு மேல் உள்ளே சென்றிருக்கிறது. அப்போது சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை மெல்ல முழுவதும் அழுத்திப் பிடித்தபடி செல்ஃபை இயக்க வேண்டும். மிதித்து மிதித்து விடலாகாது.

புறப்படுமுன் பட்டறையில் சில வேலைகளைச் செய்துகொண்டால் இத்தொல்லை பெரும்பாலும் நேராது. பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி அமைக்கலாம். இரண்டுக்கும் இடையே தகடொன்றை மறைப்பாக வைக்கலாம். கார்புரேட்டரின் அடியில் வெப்பம் கடத்தாத கட்டை வைக்கலாம். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர், இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். டேங்கின் அருகே மின்பம்பு வைத்தால் பெட்ரோல் உறிஞ்சப்படாமல் தள்ளப்படும். தள்ளும்போது அழுத்தம் கூடுவதால் எளிதில் கொதிக்காது. புதிய கார்களில் பம்பு டேங்கினுள்ளேயே மூழ்கியிருந்து மிகுந்த அழுத்தத்தில் தள்ளுகிறது. அதனாலேயே இக்காலப் பிள்ளைகள் ஆவி அடைப்பின் பெயரையே அறியார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் கலப்பு பெட்ரோலின் ஆவியாகும் தன்மையைச் சற்று உயர்த்த வல்லது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அரிக்கவும் செய்யும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர், எத்தனாலைத் தாங்கும் ரப்பர்க் குழாய்களாக மாற்றிக்கொள்வது இன்றியமையாதது. வெடித்த குழாயால் வண்டி நிற்பதோடு, தீப்பற்றவும் கூடும்.

வண்டி கிளம்பியதும் சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்து ஓரத்தில் போட மறவாதீர்கள். அன்று நாம் மகிழ்ச்சியில் அப்படியே புறப்பட முனைந்தோம். அந்த லாரி ஓட்டுநர்தான் திரும்பி நடந்து சென்று இரண்டு கற்களையும் உருட்டிச் சாலைக்கு அப்பால் தள்ளினார். “இருட்டுல மோட்டார் சைக்கிள்ல வர்றவன் இதுல ஏறுனா அவன் வீட்டுக்கு யாரு சாமி பதில் சொல்றது?” என்றார். அவர் பெயரைக் கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை. அன்று முதல் மலைப் பாதையில் பானெட் திறந்து நிற்கும் வண்டியைக் கண்டால், நாம் நிறுத்தாமல் கடந்து போவதில்லை. நம் வண்டியில் ஒரு பழைய துண்டும் ஒரு குடம் நீரும் எப்போதும் உண்டு. மலையேறும் அன்பர்களே, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் வழியில் இன்னொருவருக்குத் தேவைப்படும்.