சுழியில் தெரியாதது

புஷ்கர் சந்தையில் மார்வாரி இளங்குதிரை வாங்க வருவோர் முதலில் நோக்குவது உள்வளைந்த காதுகளை. அடுத்து, உடலிலுள்ள சுழிகளை. நற்சுழி அமைந்தால் விலையும் ஏறும். சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் கிளாண்டர்ஸ் நோய் சுழியில் தெரியாது. நாட்பட்ட நிலையில் அந்நோயுற்ற குதிரை நலமுள்ளதுபோலவே நிற்கக்கூடும். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் குதிரையைக் கொல்வதே நடைமுறை. அதைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் நடைபெறுகிறது. முடிவு வரும்வரை சந்தை காத்திராது என்பதுதான் சிக்கல். ஆகவே முன்பணம் மட்டும் கொடுத்து, முடிவு வந்தபின் மீதி என எழுதிக்கொள்வதே முறை.

மருத்துவரை வாங்குபவரே அழைத்துவர வேண்டும். விற்பவரின் மருத்துவர் எத்துணை நேர்மையாளராயினும் விற்பவரின் மருத்துவரே. நடு முன்பற்கள் ஏறத்தாழ இரண்டரை வயதில் விழுந்து முளைப்பவை. மூன்று வயது என விற்கப்படும் குதிரைக்கு அங்கே இன்னும் பால்பற்களே இருந்தால், சொன்ன வயதை நம்புவதற்கில்லை. கண், இதயத்துடிப்பு, கடினத் தரையில் ஓட்டிப் பார்க்கும் நடை ஆகியவற்றையும் அவர் அங்கேயே பார்த்துவிடலாம். அதற்கு இசையாத விற்பனையாளரிடம் பேரத்தைத் தொடர வேண்டியதில்லை.