பூச்சியை விடுங்கள், பையைப் பாருங்கள்

சென்ற மாதம் பெட்டாலிங் ஜெயாவில் குடியிருக்கும் என் பழைய மாணவன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். வராந்தா விளக்கடியில் சின்னஞ்சிறு பழுப்பு அந்துப்பூச்சி. “சார், இது செம்பனையைத் தின்னும் பைப்புழுவின் பூச்சிதானே? எந்த வகை? பந்திங்கில் அப்பாவின் நாலு ஏக்கருக்கு மருந்து வாங்க வேண்டும்” என்று கேட்டிருந்தான். தெரியாது என்று பதில் எழுதினேன். வாத்தியாருக்குக் கூச்சம்தான், ஆனால் அதுதான் உண்மை.

வாசகர்களே, மலாயில் ‘ஊலாட் புங்குஸ்’ எனப்படும் இப்புழுக்களில் நம் செம்பனைக்குப் பெருங்கேடு செய்பவை மூன்று: மெட்டிசா பிளானா, டெரோமா பெண்டுலா, மஹசேனா கொர்பெட்டி. மூன்றிலும் ஆணுக்கு மட்டுமே இறகு. பெண் பையைவிட்டு வருவதில்லை. உள்ளேயே முட்டையிட்டு உள்ளேயே மடிகிறது. ஆகவே விளக்குக்கு வருவது ஆண்தான். முதலிரண்டின் ஆண்களும் சிறியவை, மங்கலானவை. போதாததற்கு விளக்கொளி நிறத்தையும் மாற்றிக் காட்டும்.

பை அப்படியல்ல. ஓலையின் அடிப்பக்கம் கூட்டுப்புழுவாகித் தொங்கும் பையைப் படம் எடுங்கள். கொக்கிபோல் வளைந்த குட்டைக் காம்பில் தொங்கினால் மெட்டிசா. நீண்ட நூலில் ஊசலாடினால் டெரோமா. இலைத்துண்டுகள் தாறுமாறாக ஒட்டிய பெரிய பை என்றால் மஹசேனா. பக்கத்தில் ஒரு 20 காசை வைத்து எடுங்கள். அளவு இல்லாத படத்தில் எலியும் யானையும் ஒன்றே. புழு மேயும் பருவத்தில் கொக்கியும் நூலும் இரா. அப்போது அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். பெரிய மஹசேனா மட்டைக்குச் சில இருந்தாலே ஆபத்து. சிறிய டெரோமாவுக்குக் கணக்கு வேறு. கணக்குப் பார்க்காமல் கண்ட விஷத்தையும் தெளித்ததால்தான் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் நம் தோட்டங்களில் இப்புழு பெருகியது. அதைக் கொல்லும் சிறு குளவிகள் முதலில் செத்தன. பைக்குள் ஒளிந்த புழு பிழைத்துக்கொண்டது. 2013இல் அரசாங்கம் இதை ஆபத்தான பூச்சியென அரசிதழில் அறிவித்தது.

மறுவாரம் பந்திங்கிலிருந்து புதுப்படம் வந்தது. காசு வைக்க மறந்துவிட்டான். இருந்தாலும் நீண்ட நூல் தெளிவாகத் தெரிந்தது, டெரோமாதான். பையின் பக்கவாட்டில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை, குளவி வெளியேறிய வழி. மருந்துக் கடைக்குப் போகுமுன் மட்டைக்கு எத்தனை உயிருள்ள புழு என்று எண்ணி வரச் சொல்லியிருக்கிறேன்.