கட்டிப் போட்டவரே காக்க வேண்டும்!

கத்திரி வெயில் வந்துவிட்டால் மனிதன் என்ன செய்கிறான்?

குடை பிடிக்கிறான். மோர் குடிக்கிறான். மின்விசிறிக்கு அடியில் பாயைப் போட்டுப் படுக்கிறான். "அப்பப்பா, என்ன வெயில்!" என்று நாலு பேரிடம் சொல்லிப் புலம்புகிறான்.

தெரு நாயும் சும்மா இருப்பதில்லை. நிற்கிற லாரிக்கு அடியில் போய்ப் படுக்கிறது. குழாயடியில் ஈர மண்ணைக் காலால் பறித்து, அதில் வயிற்றை வைத்துக்கொள்கிறது.

வீட்டு நாய்?

அதன் கழுத்தில் சங்கிலி இருக்கிறது. சங்கிலி எட்டுகிற தூரம்தான் அதன் உலகம். காலையில் நிழலாக இருந்த இடம் மத்தியானம் வெயிலாகிவிடுகிறது. நிழல் நகர்ந்துவிடுகிறது. நாயால் நகர முடிவதில்லை!

அந்த நாய்க்கு இருதய நோயும் இருந்தால் அதன் கதி என்ன?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாயைக் கட்டிப் போட்டவர் யாரோ, அவரே அதைக் காக்கவும் வேண்டும். நோய் நம் கையில் இல்லை. நிழலும், தண்ணீரும், நேரமும் நம் கையில் இருக்கின்றன.

வானகரத்து வெயில்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது வானகரம். இரவும் பகலும் லாரிகள் ஓடும் இடம். கிடங்குகள் ஒரு பக்கம். புதிது புதிதாக எழும்பும் அடுக்குமாடி வீடுகள் இன்னொரு பக்கம்.

கிடங்கு இருந்தால் காவலுக்கு நாய் உண்டு. அடுக்குமாடி வீட்டிலோ செல்லத்துக்கு நாய் உண்டு. ஒன்று தகரக் கொட்டகையில் இருக்கும். இன்னொன்று மூடிய பால்கனியில் இருக்கும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மத்தியானத்தில் கடற்காற்று கொஞ்சம் ஆறுதல் தரும். அது மேற்கே வானகரம், ஆவடி, பூந்தமல்லி என்று வந்து சேர நேரமாகும். அதுவரை தகரம் காயும். தார் இளகும்.

2003-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. பாரன்ஹீட் கணக்கில் 113 டிகிரி! நிழலில் வைத்த கருவி காட்டிய அளவு இது. தகரக் கூரைக்கு அடியில் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்கு வேர்க்காது

நமக்கு வெயில் பட்டால் உடம்பு முழுவதும் வேர்க்கிறது. வேர்வை காய்கிறது. உடம்பு குளிர்கிறது.

நாய்க்கு அந்த வசதி கிடையாது. அதன் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி அது நாக்கைத் தொங்கப் போட்டு, இரைக்க இரைக்க மூச்சு விடுகிறது. நாக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் காய்வதால் அதன் இரத்தம் குளிர்கிறது. நாய்க்கு மூச்சுதான் வேர்வை!

இப்போது இருதயத்துக்கு வருவோம். உடம்புச் சூட்டை வெளியே தள்ள வேண்டுமானால், இரத்தம் நாக்குக்கும் தோலுக்கும் அதிகமாக ஓட வேண்டும். அதை ஓட்டுவது இருதயம். ஆகவே வெயில் ஏற ஏற இருதயத்துக்கு வேலை கூடுகிறது.

நல்ல இருதயம் தாங்கிக்கொள்ளும். கெட்ட இருதயம் திணறும். நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சு வாங்கும். மூச்சால்தான் அந்தப் பிராணி குளிர வேண்டும். அந்த மூச்சுக்கே முட்டுக்கட்டை விழுந்துவிடுகிறது!

இருதய நோய் வந்த நாய்க்குக் கத்திரி வெயில் இரட்டை எதிரி என்பது இதனால்தான்.

"நாய்க்கு இருதய நோயா?"

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். இருதயம் உள்ள பிராணிக்கு இருதய நோயும் உண்டு.

மனிதனுக்கு வருவது போன்ற மாரடைப்பு நாய்க்கு அபூர்வம். பெரும்பாலும் அதற்கு வருவது வால்வுக் கோளாறு. இருதயத்தின் உள்ளே இருக்கும் கதவு சரியாக மூடாமல் இரத்தம் பின்னால் கசியும். பொமரேனியன் போன்ற சின்ன ஜாதி நாய்களுக்கு வயதான காலத்தில் இது வரும். டாபர்மேன் போன்ற பெரிய ஜாதிகளுக்கு இருதயத் தசை தளர்ந்து, இருதயமே வீங்கிப் போகும் நோய் வருவதுண்டு.

அறிகுறிகள் என்ன? ராத்திரியில் இருமும். நாலு படி ஏறினால் நின்றுவிடும். படுக்கப் பிடிக்காமல் உட்கார்ந்தே இருக்கும். வயிறு உப்பும். சில சமயம் மயங்கி விழும்.

"வயசாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று விட்டுவிடாதீர்கள். மருந்து இருக்கிறது. 2016-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 11 நாடுகளில் 360 நாய்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி அது. வால்வு கெட்டு இருதயம் பெருத்துப் போன நாய்கள் அவை. ஆனால் மூச்சுத் திணறல் இன்னும் வரவில்லை. பிமோபென்டான் என்ற மருந்தைக் கொடுத்ததில், நோய் முற்றுவது ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப் போயிற்று. ஒரு நாயின் ஆயுளில் 15 மாதம் என்பது சின்னக் காலமா?

தண்ணீரைப் பிடுங்காதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலில் நீர் கோத்த நாய்க்கு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை கொடுப்பார். அதைச் சாப்பிட்ட நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கும். தாகம் எடுக்கும். நிறையத் தண்ணீர் குடிக்கும்.

வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார்? "தண்ணீர் குடிப்பதால்தானே வீட்டை நனைக்கிறது? தண்ணீர் குடிப்பதால்தானே நெஞ்சில் நீர் கோக்கிறது?" இப்படி நினைத்துத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிடுகிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை. மாத்திரை ஒரு பக்கம் நீரை வெளியேற்றுகிறது. வெயில் இன்னொரு பக்கம் உறிஞ்சுகிறது. உள்ளே போக வேண்டிய தண்ணீரை நாம் நிறுத்துகிறோம். சிறுநீரகம் கெட்டுவிடும். நாய் சுருண்டுவிடும்.

கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். ஒரு கிண்ணம் கவிழ்ந்தாலும் இன்னொன்று இருக்கும்படி இரண்டாக வையுங்கள். மண் சட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் குளிர்ந்திருக்கும். தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். போன உயிரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நாய் சாப்பிடாமல் படுத்துவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள்.

காசில்லாத வைத்தியம்

"எங்களுக்கே ஏ.சி. இல்லை. நாய்க்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏ.சி. இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் முடியும்.

முதல் காரியம், காலை பத்து மணிக்குள் சங்கிலியை அவிழ்த்து நாயை வீட்டுக்குள் விடுங்கள். மொட்டை மாடி வேண்டாம். தகரக் கொட்டகை வேண்டாம். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிஷம்கூட வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான தரை எது என்று நாய்க்குத் தெரியும். அது படுக்கும் இடத்தில் படுக்கட்டும்.

சாக்கை நனைத்துத் தரையில் விரித்து, பக்கத்தில் மேஜை விசிறியைப் போடுங்கள். அதன் மேல் படுப்பதும் எழுந்து போவதும் நாயின் இஷ்டம். ஆனால் ஈரத்துணியால் உடம்பைப் போர்த்தி மூடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

உலாவ அழைத்துப் போவதானால் சூரியன் எழும் முன்பு. அல்லது இரவு எட்டு மணிக்குப் பிறகு. உங்கள் புறங்கையைத் தார் ரோட்டில் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். ஓட்டப் பந்தயம் வேண்டாம். அது நின்றால் நீங்களும் நில்லுங்கள். இருமுகிற நாய்க்குக் கழுத்துப் பட்டை தொண்டையை அழுத்தும். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குங்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் எதுவும் கூடாது. உப்பு நீரைப் பிடித்து வைக்கும். இருதயத்துக்குச் சுமை கூடும். வெயிலுக்கு நல்லது என்று உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலையோ, இளநீரையோ டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நமக்கு நல்லதெல்லாம் நோயாளி நாய்க்கு நல்லதாக இராது.

பொமரேனியனின் முடியைத் தோல் தெரியச் சிரைத்துவிட வேண்டாம். வெயில் நேரே தோலைச் சுடும். தினமும் வாரி, உதிர்ந்த முடியை எடுத்தாலே போதும்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை

வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறதா? அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது.

நாய் நன்றாகத் தூங்கும்போது அதன் விலாவைப் பார்க்கச் சொல்லுங்கள். விலா ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

முப்பதுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. தூக்கத்தில் முப்பதுக்கு மேலேயே இருந்துகொண்டிருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். இதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். கடிகாரம் இருந்தால் போதும்.

ஆபத்து வந்தால்

நாய்க்கு உடம்புச் சூடு நம்மைவிட அதிகம். நமக்கு 98.4 டிகிரி என்றால் அதற்கு 101 முதல் 102½ டிகிரி வரை இருக்கும். 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

எச்சில் ஒழுக இரைக்கிறது, தள்ளாடுகிறது, ஈறு செக்கச் செவேல் என்று சிவக்கிறது, அல்லது நாக்கு நீலம் பாய்கிறது. இவற்றில் எது கண்டாலும் தாமதிக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியைப் போடுங்கள். முதலில் குளிரவைத்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் காற்றுப் படட்டும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. புரை ஏறிவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மத்தியானத்தில் கொதிக்கும். ஆகவே காலையிலேயே இரண்டு வாளித் தண்ணீர் பிடித்து நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வானகரத்திலிருந்து அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போய்த் திரும்பினால் வேப்பேரி. 1903-ம் ஆண்டில் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் அங்கே இருக்கின்றன. ஆனால் நோயாளி நாயை உச்சி வெயிலில், ஆட்டோவில், அவ்வளவு தூரம் கொண்டுபோவதே ஒரு கண்டம். மாசி மாதமே கொண்டுபோய் இருதயத்தைச் சோதித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"என் நாய், என் சங்கிலி, உனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது.

கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1953-ம் ஆண்டில் ராஜ்ய சபையில் மிருக வதையைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அவர் போட்ட விதைதான் 1960-ம் ஆண்டில் சட்டம் ஆயிற்று. நாயை ஓயாமல் கட்டிப் போட்டு உலாவ விடாமல் வைத்திருப்பது குற்றம். போதிய உணவும், தண்ணீரும், தங்க இடமும் தராமல் இருப்பது குற்றம். காரணமில்லாமல் தெருவில் விட்டுவிடுவதும் குற்றம்.

முதல் தடவைக்கு அந்தச் சட்டத்தில் எழுதிய அபராதம் என்ன தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! 1960-ல் அது ஒரு தொகை. இன்று ஓர் இளநீருக்கே சரியாகப் போய்விடும். அபராதத்தை உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து ஊற்றுகிற தண்ணீரைவிட, இரக்கப்பட்டு ஊற்றுகிற தண்ணீர்தான் வேளைக்கு வந்து சேரும்.

கிடங்கு முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. காவல்காரருக்கு விசிறி கொடுக்கிறீர்கள். பானையில் தண்ணீர் வைக்கிறீர்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் இன்னொரு காவல்காரன் கொட்டகையில் இரைத்துக்கொண்டிருக்கிறான். அவன் சம்பளம் கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை. பகலில் நிழலும் தண்ணீரும் கொடுங்கள். இருமினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாய்க்கு மனு எழுதத் தெரியாது. மூச்சு முட்டுகிறது என்று சொல்லவும் தெரியாது. அதன் மூச்சை எண்ணிப் பார்க்க நமக்குத் தெரியும். இன்று ராத்திரியே எண்ணிப் பாருங்கள்.