பத்தொன்பது பேர், ஒரு வேன், கொடைக்கானல்

மூணு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. நடுவுல மே மாசம் குடும்பத்தோட கொடைக்கானல் போயிட்டு வந்தோம். குடும்பம்னா அப்பா, அம்மா, நான்னு நினைச்சுடாதீங்க மக்களே. அப்பத்தாவோட மூணு பிள்ளைங்க வகையறா மொத்தமும். பெரியவங்க 14, பொடிசுங்க 5. அதுல ஏழு வயசு வாண்டுலேர்ந்து அக்காவோட எட்டு மாசக் கைக்குழந்தை வரைக்கும் எல்லா சைஸும் உண்டு. அமெரிக்காவுல இருக்குற அத்தை பொண்ணு ஆறு வருஷம் கழிச்சு வந்திருந்தா. அவ பையன் அப்பத்தாவை வீடியோ காலைத் தாண்டிப் பாத்ததே இல்ல. அதுக்காகத்தான் இந்தப் பயணமே.

"நீதான கம்ப்யூட்டர் படிச்சவன், பிளான் போடு"ன்னு பெரியப்பா என் தலையில கட்டிட்டாரு. நானும் ஒரு எக்செல் ஷீட் போட்டேன் பாருங்க! எந்த இடம், எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, சாப்பாடு எங்க, எல்லாத்துக்கும் தனித்தனி காலம். 2024 மே 7-லேர்ந்து ஐகோர்ட் உத்தரவுப்படி வண்டிக்கு இ-பாஸ் எடுக்கணும்ல, அதுக்குக் கூட ஒரு காலம். மூணு நாள்ல பதினாலு இடம். ஆபீஸ்ல கூட இவ்ளோ சுத்தமா பிளான் போட்டதில்ல.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் பிளான் காலி. பிள்ளைங்க கத்துதுன்னு ஆளுக்கொரு செல்போனைக் கையில குடுத்தோம். தப்பே அங்கதான். வண்டி வளைஞ்சு வளைஞ்சு போறதா காது சொல்லும், திரையவே பாக்குற கண்ணு "அதெல்லாம் இல்ல, சும்மாதான் உக்காந்திருக்கோம்"னு சொல்லும். இந்தக் குழப்பத்துலதான் வாந்தி வருது. ரெண்டு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு இது ரொம்ப அதிகம். கைக்குழந்தைகளுக்கு அவ்வளவா வராது. எங்க வேன்லயும் அப்படியே. நாலு வாந்தி, ஒரு தூக்கம். போனைப் பிடுங்கி முன்னாடி ரோட்டைப் பாக்க வெச்சிருந்தா பாதி குறைஞ்சிருக்கும். வெள்ளி அருவியில இறங்கினது அருவி பாக்க இல்ல, சட்டை அலச.

அடுத்த நாள் தூண் பாறை. 400 அடி உயரத்துக்கு மூணு பாறை நிக்குமாம். நாங்க பாத்தது வெள்ளை வெளேர்னு மேகம் மட்டும். "பாறை எங்க மாமா?"ன்னு வாண்டு கேட்டான். "உள்ள தூங்குது"ன்னு சொல்லி வெச்சேன். அப்புறம் குணா குகை. 2024-ல மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தாலும் வந்துச்சு, சித்தப்பா பையன் போயே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னான். கூட்டத்துல ஒரு மணி நேரம் நின்னு கம்பி வேலியைப் பாத்துட்டு வந்தோம். ரெண்டு இடத்துலயும் அப்பத்தா முட்டி வலின்னு வேன விட்டு இறங்கவே இல்ல. அமெரிக்கப் பையனும் அவங்களும் ஒரு வார்த்தை பேசிக்கல. எங்க பேசுறது, "ஏறு, இறங்கு, லேட்டாகுது"ன்னு நான்தான் விசிலடிக்காத குறையா விரட்டிட்டு இருந்தேனே.

அன்னிக்கு ராத்திரிதான் அக்கா வாயத் திறந்தா. லாட்ஜ் வாஷ்பேசின்ல பால் பாட்டில் கழுவிட்டு இருந்தவகிட்ட, "ஏரி சூப்பரா இருந்துச்சுல்லக்கா?"ன்னு தெரியாத்தனமா கேட்டுட்டேன். திரும்பிக் கூடப் பாக்கல. "வேன் ஜன்னல்லேர்ந்து பாத்தேன்டா. அடுத்த தடவை நான் வரல. வீட்லயே இருந்தா இந்த வேலையவே வெந்நிக்கு அலையாம செய்யலாம்."

கோவமா சொல்லியிருந்தா கூடப் பரவாயில்ல. சாதாரணமா சொன்னா. எக்செல்ல எடுத்துப் பாத்தேன். பதினோரு காலம் இருக்கு, குழந்தைய யாரு வெச்சுக்குறதுன்னு ஒரு காலம் இல்ல. அது எனக்குத் தோணவே இல்லங்கறதுதான் அசிங்கம். அக்கா மட்டும் இல்ல, அத்தை பொண்ணு, சித்தி எல்லாருக்கும் இதே கதைதான். நம்ம குடும்ப டூர்ல ஆம்பளைங்களுக்குத்தாங்க லீவு. பொம்பளைங்களுக்கு வேலை பாக்குற இடம் மட்டும் மாறுது.

"அவங்க எங்கப்பா விடுறாங்க, பிள்ளை லேசா அழுதா அவங்களே ஓடி வந்து வாங்கிக்கிறாங்க"ன்னு மாமா ஒரு பாயிண்ட் எடுத்து விட்டாரு. உண்மைதான். நம்ம கையில பிள்ளை அழறது நிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். பழகலன்னா எப்படி நிக்கும்?

மூணாம் நாள் மிச்சமிருந்த அஞ்சு இடத்தையும் அடிச்சுட்டேன். காலைல பெண்கள் எல்லாரையும் ஏரிக்கு அனுப்பியாச்சு. 1863-ல மதுரை கலெக்டரா இருந்த வெர் லெவிஞ்ச் உண்டாக்கின ஏரி, சுத்தி வர சுமார் அஞ்சு கிலோமீட்டர். நிதானமா நடந்துட்டு, டீ குடிச்சுட்டு வாங்கன்னு சொன்னோம். அப்பத்தா மட்டும் வரலன்னுட்டாங்க. பிள்ளைங்க எங்க பொறுப்பு. ரெண்டரை மணி நேரம்! கைக்குழந்தைக்கு நான் டயப்பர் மாத்தினதைப் பத்தி ஒரு தனிப் பதிவே போடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தப்ப கூட எனக்கு இப்படி வேர்த்ததில்ல :-)

பிள்ளைங்க எதையும் பாக்கணும்னு கேக்கல. லாட்ஜ் முத்தத்துல கிடந்த பைன் மரக் காய், ஒரு குழாய், நாலு படிக்கட்டு, போதும். அப்பத்தா வெயில்ல நாற்காலி போட்டு உக்காந்து சொட்டாங்கல் எடுத்தாங்க. அமெரிக்கப் பையன் தூர நின்னு பாத்தான், கிட்ட வந்தான், கடைசில மடியிலயே உக்காந்து கல்லைப் பிடிக்கக் கத்துக்கிட்டான். அவனுக்குத் தமிழ் அரைகுறை, அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் சுத்தம். விளையாட்டுல கள்ளாட்டம் ஆடுறதுக்கு மொழி தேவைப்படல.

பெரியப்பாவுக்கு இன்னும் மனசு ஆறல. "கொடைக்கானல் போயிட்டு பேரிஜம் பாக்கலன்னா ஊர்ல சிரிப்பாங்கடா"ங்கறாரு. பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வாங்கணும், தினமும் குறிப்பிட்ட வண்டிகளைத்தான் விடுவாங்கன்னு சொன்னா, அதுக்கும் என் பிளான் சரியில்லன்னு திட்டு. ஆசைப்படுறவங்க நாலு பேர் தனியா ஜீப் பிடிச்சுப் போயிட்டு வாங்களேன். எட்டு மாசக் குழந்தையையும் முட்டி வலி அப்பத்தாவையும் எதுக்கு இழுக்கணும்?

அடுத்த வருஷம் மூணார்னு குடும்ப வாட்ஸப் குரூப்ல பேச்சு ஓடுது. புது ஷீட் போட்டுட்டேன். முதல் காலமே "குழந்தை யாரிடம்". முதல் நாள் காலை 9 முதல் 11 வரை பெரியப்பா பேரைப் போட்டு அனுப்பியிருக்கேன். ரெண்டு நாளா நீல டிக் மட்டும் தெரியுது, பதில் வரல.