காத்திருப்பவர்களுக்கும் உண்மை தெரியட்டும்

2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், சிங்கப்பூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு முகக்கவசங்கள் வழங்கப்பட்டன. சமூக மன்றங்களிலும் வசிப்போர் குழு நிலையங்களிலும் அவற்றைப் பெற்றுக்கொண்டது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். 1.3 மில்லியன் வீடுகளுக்கான 5.2 மில்லியன் முகக்கவசங்களை எண்ணிப் பைகளில் போட்டவர்கள் இராணுவத்தினர்.

ஏப்ரல் மாதத்தில் அவர்களுடைய பணி இன்னும் கடினமானது. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கொவிட்-19 கிருமி வேகமாகப் பரவியது. அந்த விடுதிகளில் 300,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் தங்கியிருந்தனர். அவர்கள் வெளியே செல்ல முடியாத நிலை ஏற்பட்டது. இராணுவத்தினரும் காவல்துறையினரும் அடங்கிய குழுக்கள் விடுதிகளுக்கு அனுப்பப்பட்டன. சாப்பாடு நேரத்துக்கு வருகிறதா, குப்பை அகற்றப்படுகிறதா, காய்ச்சல் கண்டவர் மருத்துவரைப் பார்த்தாரா என்பதையெல்லாம் அவர்கள் கவனித்துக்கொண்டனர்.

முன்களப் பணியாளர்களுக்காக நாம் வீட்டிலிருந்தே கைதட்டினோம். அது நல்லதுதான். ஆனால், அவர்களுக்காக வீட்டில் காத்திருந்தவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசியபோதும், “தைரியமாக இருங்கள்” என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். அந்த ஒரு சொல் போதாது என்பதே என் கருத்து. நிலைமையை மறைத்துவிட்டுத் தைரியமாக இருக்கச் சொன்னால் அது யாராலும் முடியாது. இதை நான் என் அக்காவின் வீட்டில் கற்றுக்கொண்டேன்.

அத்தான் இராணுவத்தையே தம் தொழிலாகக் கொண்டவர். அந்த ஏப்ரலில் அவர் ஒரு விடுதியில் பணியாற்றினார். வீட்டில் அவருடைய தாயார் இருந்தார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீரிழிவு நோயும் உண்டு. அதனால் அத்தான் பணி முடிந்து வீட்டுக்கு வராமல் வேறிடத்தில் தங்கினார். அக்கா, தொடக்கநிலை இரண்டில் படித்த தம் மகனிடம், “அப்பா பயிற்சிக்குப் போயிருக்கிறார்” என்று மட்டும் சொல்லி வைத்தார். பிள்ளை பயந்துவிடக்கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம்.

ஆனால், வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதே! ஒருநாள் செய்தியில் ஒரு விடுதியைக் காட்டினார்கள். சீருடை அணிந்த சிலர் வாசலில் நின்றார்கள். பையன் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு அவன் தூங்கவும் இல்லை. வீட்டிலிருந்தபடி கற்றலின்போது கணினியின் முன் உட்கார்ந்திருப்பான். ஆசிரியர் கேட்கும் கேள்விக்குப் பதில் வராது. நான்கு நாள்களுக்குப் பிறகு பாட்டியிடம், “அப்பாவுக்கு நோய் வந்துவிட்டதா? அதனால்தான் எல்லாரும் பொய் சொல்கிறீர்களா?” என்று கேட்டான். உண்மையைவிட அவன் கற்பனை செய்துகொண்டது பெரிய ஆபத்தாக இருந்தது.

அன்றே அக்கா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா என்ன வேலை செய்கிறார், ஏன் வீட்டுக்கு வரவில்லை, எப்படிப் பாதுகாப்பாக இருக்கிறார் என்று அவனுக்குப் புரியும்படி விளக்கினார். பையன் அழுதான். அக்காவும் அழுதார். அதில் தவறொன்றும் இல்லை. மன உறுதி உள்ளவர்கள் அழமாட்டார்கள் என்று யார் சொன்னது?

“இராணுவத்தில் சேரும்போதே ஆபத்து இருக்கும் என்று தெரியும்தானே? குடும்பத்தார் அதற்குத் தயாராக இருக்க வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், போரையும் தொற்றுநோயையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. போர்க்காலத்தில், ஆபத்து போர்முனையில் இருக்கிறது, வீடாவது பாதுகாப்பாக இருக்கிறது என்று வீரர் தம் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். தொற்றுநோய்க் காலத்தில் அவரே தம் வீட்டுக்கு ஆபத்தைக் கொண்டுவந்துவிடக்கூடும். தாயைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் பார்த்தால் அவருக்கு நோய் வந்துவிடுமோ என்ற அச்சமும் ஒரே மனத்தில் இருக்கும். அத்தகைய நிலைக்கு எந்தக் குடும்பமும் முன்கூட்டியே தயாராக இருக்க முடியாது.

அத்தானும் முதலில் எதையும் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டால், “நலம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பணியைப் பற்றிய சில விவரங்களை வெளியே சொல்ல முடியாது என்பதை நாம் மதிக்க வேண்டும். இருந்தாலும், சாப்பிட்டாரா, தூங்கினாரா, மனம் எப்படி இருக்கிறது என்பவை இரகசியம் அல்லவே! அக்கா அதை அவரிடம் நேராகவே சொன்னார். அதன்பின் தினமும் இரவு எட்டரை மணிக்குக் காணொளி வழியாகப் பேசுவது என்று முடிவு செய்தார்கள். சில நாள்களில் இரண்டு நிமிடம்தான் பேச முடியும். ஆனால், எட்டரை மணி என்ற ஒன்று இருந்ததால் மற்ற நேரங்களில் பாட்டி தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. புலனத்தில் வந்த வதந்திகளையும் அவர் நம்பவில்லை. “மகனிடமே கேட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுவார்.

அக்காவுக்குக் கடினமாக இருந்தது இன்னொன்று: உதவி கேட்பது. இராணுவ வீரரின் மனைவி பிறரிடம் உதவி கேட்கலாமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. எதிர்வீட்டு மலாய் மூதாட்டி கேட்கும்வரை காத்திருக்கவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம், “என்ன வேண்டும்?” என்று வாசலில் நின்று குரல் கொடுப்பார். அரிசியையும் காய்கறிகளையும் வாங்கி வந்து கதவுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். நோன்பு மாதம் தொடங்கியதும் அந்தக் கம்பியில் சில நாள் கஞ்சியும் தொங்கியது. “தைரியமாக இருங்கள்” என்று அவர் ஒருநாளும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இதை நான் உங்களுக்காக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் தேசிய சேவை 1967ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. உங்கள் அண்ணன் இப்போது சேவையில் இருக்கலாம். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலரும் சீருடை அணிவீர்கள். 2003ஆம் ஆண்டு சார்ஸ் பரவியபோதும் இராணுவம் உதவிக்கு வந்தது. இனியும் ஒரு நோய் பரவினால் இராணுவம் அழைக்கப்படும். அப்போது காத்திருப்பது உங்கள் வீடாக இருக்கலாம், பக்கத்து வீடாகவும் இருக்கலாம்.

அத்தான் வீடு திரும்பிய நாளில் பையன் கிருமிநாசினிப் புட்டியுடன் வாசலில் நின்றான். “முதலில் கையை நீட்டுங்கள், அப்பா” என்றான். அன்றிரவு எட்டரை மணிக்கு அக்காவின் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வரவேற்பறையில் அத்தானின் தொலைபேசி ஒலித்தது. அவரும் சிரிக்காமல் எடுத்து, “இன்றைக்குப் பள்ளிப்பாடம் என்ன?” என்று கேட்டார்.