பால்வாடி டீச்சரைக் காலேஜுக்கு அனுப்புங்க

சிட்டியில இருக்கிற சொந்தக்காரங்க பிள்ளையை எல்கேஜியில சேர்க்கிறதுக்கு முன்னாடி பண்ற விசாரிப்பைக் கேட்டா மலைப்பா இருக்கும். மிஸ் என்ன படிச்சிருக்காங்க, மாண்டிசோரி டிரெய்னிங் உண்டா, ஒரு கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்க, இப்படிப் போகும் கேள்வி. தப்பே இல்லைங்க, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா அதே மூணு வயசுப் பிள்ளை எங்க ஊர்ல இருந்தா, அதுக்காக இந்தக் கேள்வியை யார் கேட்கிறது?

எங்க ஊர்ல அந்த வயசுக்கு இருக்கிறது பால்வாடி ஒண்ணுதான். அரசாங்கத் தாள்ல அங்கன்வாடி மையம்னு எழுதியிருக்கும். தமிழ்நாடு முழுக்க 54 ஆயிரம் மையம் போல இருக்கும். அங்க போற பிள்ளைங்க பெரும்பாலும் கூலி வேலைக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க. நடவு, களையெடுப்பு நேரத்துல அம்மாக்காரி காலையில விட்டுட்டு வயலுக்கு வந்தாத்தான் எங்க வேலையே நடக்கும். உங்க தட்டுல இருக்கிற சோத்துக்குப் பின்னாடி ஒரு பால்வாடி டீச்சரும் இருக்காங்கன்னு வெச்சுக்குங்க.

அந்த டீச்சர் ஒரு நாள்ல என்னென்ன பண்றாங்கன்னு பாருங்க. பிள்ளைங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கணும். சமையலைப் பார்க்கணும், முட்டைக்குக் கணக்கு எழுதணும். எடை போட்டு, உயரம் அளந்து, போஷன் டிராக்கர் செயலியில ஏத்தணும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கணும், தடுப்பூசிக்கு ஆள் சேர்க்கணும். பல பேருக்கு வாக்காளர் பட்டியல் வேலையும் தலையில விழும். இத்தனைக்கும் நடுவுல 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தை வேற நடத்தணும். உதவியாளர் இடம் காலியா இருந்தா அடுப்பும் அவங்க பொறுப்புதான்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். இவங்களை அரசாங்கம் தன் செலவுல காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வைக்கணும். குழந்தைக் கல்வியில முறையான படிப்பு, அதுக்கு முழு உதவித்தொகை, படிக்கிற நாளுக்குச் சம்பளம், முடிச்சதும் ஊதிய உயர்வு. நாலும் சேர்ந்து வரணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அது வெறும் அறிவிப்பாத்தான் நிக்கும்.

ஐ.சி.டி.எஸ். திட்டம் ஆரம்பிச்சது 1975 அக்டோபர் 2. அரை நூற்றாண்டு ஆச்சு. நாமதான் வாய் நிறைய டீச்சர்னு கூப்பிடுறோம். அரசுக்கு அவங்க இன்னும் 'பணியாளர்'தான். மத்திய அரசு நிர்ணயிச்சதுக்குப் பேரு சம்பளம் இல்ல, மதிப்பூதியம். 2018-ல அதை 3,000 ரூபாய்லேர்ந்து 4,500 ஆக்கினாங்க. மேல போட்டுக் கொடுக்கிறது மாநிலம். இவங்களுக்குப் பணிக்கொடை உண்டு, இது பகுதி நேர வேலைன்னு சொல்ல முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல்ல சொல்ல வேண்டி வந்துச்சு. காலையிலேர்ந்து உழைக்கிறவங்க முழு நேரம் உழைக்கிறாங்கன்னு சொல்றதுக்கே உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகணும்னா பார்த்துக்குங்க.

படிக்க வைக்கிறதைப் பத்தி 2020 தேசியக் கல்விக் கொள்கையில ஒரு வழி இருக்கு. பன்னிரண்டாவது முடிச்சவங்களுக்கு ஆறு மாசச் சான்றிதழ், அதுக்குக் கீழே படிச்சவங்களுக்கு ஒரு வருஷ டிப்ளமோ. எப்படிப் படிக்கணுமாம்? டி.டி.எச். சேனல்லயும் ஸ்மார்ட்போன்லயும். இப்போ பார்க்கிற வேலை அதிகம் கெடாமப் படிக்கலாமாம். அதாவது பகல்ல மையத்தையும், சாயந்திரம் வீட்டையும் பார்த்துட்டு, ராத்திரி போனைத் திறந்து வெச்சுப் படிக்கணும். உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு படிப்பைச் சொன்னா சும்மா இருப்பீங்களா? தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏத்துக்கல. சரி. ஆனா அதைவிட நல்ல வழி ஒண்ணு நம்ம கையில இருக்கணும்ல?

நம்ம ஆளுங்க பண்ணின கூத்தையும் சொல்றேன். 2019 ஜனவரியில நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கிற 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி, யுகேஜி ஆரம்பிச்சாங்க. நல்ல யோசனை. பாடம் நடத்த யாரை அனுப்புனாங்க? பள்ளியில உபரியா இருந்த இடைநிலை ஆசிரியர்களை. அவங்க இது எங்களுக்குப் பதவி இறக்கம்னு எதிர்த்தாங்க, வழக்குக்கும் போனாங்க. 2022-ல அவங்களைத் தொடக்கப் பள்ளிக்கே திருப்பி எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் மாசம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்துல தற்காலிக ஆட்கள். இத்தனை வருஷமும் அதே வளாகத்துல, அந்தப் பிள்ளைங்களைப் பேர் சொல்லித் தெரிஞ்ச ஒருத்தங்க இருந்தாங்க. அவங்களையே படிக்க வெச்சு அந்த வேலையைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கல, ஏன்னா அவங்ககிட்ட டிப்ளமோ இல்ல. படிக்க வழி பண்ணாம, படிக்கலன்னு ஒதுக்கி வைக்கிறது எந்த ஊர் நியாயம்?

வழி இல்லாம இல்லைங்க. அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல 1990-லயே 'டீச்' உதவித்தொகைன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. குழந்தைகள் மையத்துல வேலை பார்க்கிறவங்க காலேஜ்ல படிக்க, கட்டணத்திலயும் புத்தகச் செலவிலயும் பெரும்பங்கை அது ஏத்துக்கும். போக்குவரத்துக்குக் காசு உண்டு. படிக்கப் போற நேரத்துக்குச் சம்பளம் போகாது. படிப்பு முடிஞ்சா ஊக்கத்தொகையோ ஊதிய உயர்வோ உண்டு. பதிலுக்கு, குறிப்பிட்ட காலம் அதே இடத்துல வேலை பார்ப்பேன்னு எழுதிக் கொடுக்கணும். பிறகு இது பல மாநிலங்களுக்குப் பரவிருச்சு. இதுல ராக்கெட் சூத்திரம் எதுவும் இல்ல.

இப்போ எதிர்ப்பேச்சுக்கு வர்றேன்.

"படிச்சிட்டா வேற வேலைக்குப் போயிருவாங்க." நம்ம அரசு டாக்டருங்க மேல்படிப்புக்குப் போறாங்களே, எப்படிப் போறாங்க? அவங்களுக்குன்னு இடஒதுக்கீடு இருக்கு, சம்பளம் வருது, திரும்பி வந்து அரசுப் பணி பார்ப்பேன்னு ஒப்பந்தம் போடுறாங்க. யாரும் குறை சொல்றதில்ல, சொல்லவும் கூடாது. அதே ஒப்பந்தத்தைப் பால்வாடி டீச்சருக்குப் போட என்ன தடை?

"ஏற்கனவே புதுமைப்பெண் திட்டம் இருக்கே." அருமையான திட்டம், மாசம் 1,000 ரூபாய். ஆனா அது அரசுப் பள்ளி முடிச்சு நேரா காலேஜ் போற பொண்ணுக்கு. வேலை பார்த்துக்கிட்டே அஞ்சல் வழியில படிக்கிற நாற்பது வயசுக்காரிக்கு அதுல இடம் இல்ல.

"மூணு வயசுக்கு எதுக்கு டிகிரி? சோறு போட்டுப் பார்த்துக்கிட்டாப் போதாதா?" இதுதான் எனக்குக் கோபம் வர்ற பேச்சு. நாத்தங்கால்ல கோட்டை விட்டுட்டு நடவு வயல்ல எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் விளைச்சல் தேறாது. இது எந்த விவசாயியைக் கேட்டாலும் தெரியும். அமெரிக்காவுல மிச்சிகன்ல 1962-ல பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு ஆரம்பிச்சாங்க. 123 ஏழைப் பிள்ளைங்க, அதுல ஒரு பாதிக்கு நல்ல பாலர் பள்ளி, மீதிக்கு இல்ல. அவங்க நாற்பது வயசைத் தாண்டினப்புறமும் வித்தியாசம் தெரிஞ்சுச்சு, வேலையில, வருமானத்துல, குற்ற வழக்குல. அங்க பாடம் நடத்தினவங்க காலேஜ் படிச்ச ஆசிரியர்கள்.

கடைசியா, கொஞ்சம் கனமான எதிர்வாதம். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் நம்ம தமிழ்நாட்டுலயே 640 அங்கன்வாடிகள்ல ஒரு ஆய்வு பண்ணினாங்க. பாதி மையங்களுக்குக் கூடுதலா ஒரு அரை நேர ஆளைப் போட்டாங்க. பாடம் நடக்கிற நேரம் இரட்டிப்பாச்சு. பிள்ளைங்க கணக்குலயும் மொழியிலயும் முன்னேறினாங்க, ஊட்டக்குறைவும் குறைஞ்சுச்சு. அப்போ படிப்பு எதுக்கு, இன்னொரு ஆள் போதுமேன்னு கேட்கலாம். நான் சொல்றேன், அந்த ஆளைத்தான் முதல்ல போடணும். டீச்சர் வாரத்துல ஒரு நாள் காலேஜுக்குப் போனா மையத்தைப் பார்க்க அந்த ஆள் வேணும். மத்த நாள்ல பாடத்துக்கு நேரம் கிடைக்க வைக்கிறதும் அதே ஆள்தான். நேரத்தை அவங்க கொடுக்கட்டும், அந்த நேரத்துல என்ன செய்யணும்ங்கிறதைப் படிப்பு கொடுக்கட்டும். எங்க ஒன்றியத்துலயும் பக்கத்து ஒன்றியத்துலயுமா சோதனைக்கு ஆரம்பிச்சாலும் எனக்குச் சம்மதம்.

உங்ககிட்ட நான் காசு கேட்கல. பத்திரிகையில எழுதுறவங்க, அதிகாரியா இருக்கிறவங்க, கட்சி ஆட்களைத் தெரிஞ்சவங்க இதைப் படிப்பீங்க. அடுத்த தேர்தல் அறிக்கையில அங்கன்வாடிக்குக் கட்டடம், பெயிண்ட், டிவின்னு வரும்போது, டீச்சர் படிப்புக்கு எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. உங்க பிள்ளைக்காகக் கேட்ட கேள்விதானே, எங்க பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்க.