மலை ஏறாத மவுண்டன் பைக்கும் ஆறடி நண்பனும்

மக்களே, ஒரு வயித்தெரிச்சல். கொட்டித் தீர்த்துடறேன்.

கூடப் படிச்ச பய ஒருத்தன், இப்ப வெளிநாட்டுல பொட்டி தட்டுறான், பொங்கலுக்கு ஒரு வாரம் செஞ்சிக்கு வர்றானாம். "கார் வேணாம்டா. நல்ல மவுண்டன் பைக் ஒண்ணு பிடிச்சு வை. கோட்டை, சிங்கவரம், திருநாதர்குன்று, மண்டகப்பட்டு எல்லாம் சைக்கிள்லயே சுத்தணும்" னான். ஆள் ஆறடி ஒரு அங்குலம். முட்டியில ஏற்கெனவே ஒரு ஆபரேஷன். சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன். அங்கதான் பிடிச்சுது சனி.

கடைக்குப் போய் சைஸ் கேட்டேன். "இருபத்தாறு இஞ்ச் சார்". அண்ணே, அது சக்கரம். ஃப்ரேம் என்ன சைஸ்? "எல்லாம் ஒரே சைஸ்தான் சார், சீட்டைத் தூக்கிக்கலாம்".

நாலு கடை ஏறினேன், நாலுலயும் இதே பாட்டு. சீட்டைத் தூக்கினா கால் நீளும், சரி. ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் நீளுமா? சீட் கம்பியில ஒரு கோடு போட்டிருப்பான், அதுக்கு மேல தூக்கினா கம்பி வளையும், இல்ல ஒடியும். இவன் உசரத்துக்குப் பத்தொம்பது இருபது இஞ்ச் ஃப்ரேமாவது வேணும். சின்ன சைக்கிள்ல முட்டியை மடக்கி மடக்கி மிதிச்சா, ஆபரேஷன் பண்ணின முட்டி மண்டகப்பட்டு போறதுக்குள்ள பழிவாங்கிடும்.

"சைக்கிளுக்கு எல்லாம் சைஸ் பார்ப்பாங்களா, தாத்தா காலத்துல பார்த்தாங்களா"ன்னு நக்கலடிக்கற கோஷ்டிக்கு ஒரு சேதி: பார்த்தாங்க சாமி! கறுப்பு சைக்கிள் வாங்கப் போனா கடைக்காரர் கேக்கற முதல் கேள்வியே "இருபத்திரெண்டா, இருபத்திநாலா?" தான். அது ஃப்ரேம் சைஸ். நெட்டைக்கு ஒண்ணு, குட்டைக்கு ஒண்ணு. அந்தக் கேள்வியைத் தொலைச்சுட்டு, பதிலுக்கு ரெண்டு ஸ்ப்ரிங்கும் பளபளா ஸ்டிக்கரும் வாங்கியிருக்கோம்.

அந்த மட்டமான ஸ்ப்ரிங் என்ன செய்யும்? எடை கூடும். மிதிக்கிற மிதியில பாதியை அதுவே தின்னும். 1970களில் கலிஃபோர்னியா மலைச்சரிவுல இந்த விளையாட்டை ஆரம்பிச்சவங்க, ஸ்ப்ரிங்கே இல்லாத பழைய தடி டயர் சைக்கிள்லதான் இறங்கினாங்க. நம்ம ராஜகிரியோ 800 அடி, ஏறுறது பூரா கல்படி, தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கற இடம். மேல நடந்துதான் போகணும். சைக்கிள் வேண்டியது ஏரிக்கரைக்கும் வண்டிப்பாதைக்கும். அதுக்கு அகல டயர், ஸ்ப்ரிங் இல்லாத ஃபோர்க், நல்ல பிரேக், போதும். முக்கியமா கார் டயர்ல இருக்கற மாதிரி வால்வு. ஒல்லி வால்வு டியூப்ல வேலிக்காத்தான் முள்ளு ஏறிச்சுன்னா, பஞ்சர் கடைக்காரர் ஒட்டிடுவார், காத்துதான் அடிக்க முடியாது. அவர் பம்ப் அதுல உக்காராது. அவ்வ்வ்வ்...

வாடகைக்காவது கிடைக்குமான்னா, அதுவும் இல்லை. மணிக்கு எட்டணா கொடுத்து நாமெல்லாம் குரங்குப் பெடல் பழகின வாடகை சைக்கிள் கடை எங்கய்யா போச்சு? 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. பதினொண்ணு மகாராஷ்டிராவுல, மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. ஊரே பட்டாசு வெடிக்காத குறை. வர்றவன் சுத்திப் பார்க்க ஒரு சைக்கிள் வைக்கணும்னு எவனுக்கும் தோணலை. பிளஸ் ஒன் பசங்களுக்கு வருசா வருசம் லட்சக்கணக்குல இலவச சைக்கிள் கொடுக்கற அரசாங்கத்துக்கு, கோட்டை வாசல்ல சின்னது பெருசா இருபது சைக்கிள் நிறுத்தி வாடகைக்கு விடறது அவ்ளோ பெரிய கம்பசூத்திரமா?

சுல்ஃபிகர் கான் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க எட்டு வருசம் ஆச்சு (1690-98). எனக்கு சைக்கிள் பிடிக்க எட்டு வாரம். கடைசியில பாண்டிச்சேரியில தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டு மொட்டைமாடியில மழையில கிடந்துச்சு, இருபது இஞ்ச் ஃப்ரேம், ஸ்ப்ரிங் கிடையாது. குட்டியானையில ஏத்திக்கிட்டு வந்து செயினை மாத்தி எண்ணெய் போட்டு நிறுத்தியிருக்கேன்.

டிஸ்கி: ஹெல்மெட்டுக்குத் தலை சைஸ் என்னன்னு பயகிட்ட கேட்டிருக்கேன். "எல்லாம் ஒரே சைஸ்தானடா" ங்கறான் :-(